எஸ்.ஐ. ஏலம் எடுத்த விளமீன்

பனையோலைப் பெட்டியை ஈர மணலில் கவிழ்த்தால் மீன் சரியும் சத்தம் ஒன்று உண்டு. அதற்குப் பின்தான் ஏலக்காரர் தொண்டையைச் செருமுவார்... கீழவைப்பார் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், நிருபர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டது. இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போகும் பாதையை மறித்து ஒரு குடோனுக்கு மதில் எழும்பிக்கொண்டிருந்தது. பாதை போனால் மீனைத் தலையில் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றித்தான் வரவேண்டும். அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட நினைத்தார்கள். ஸ்டேஷனில் பெர்மிஷன் இல்லை என்றார்கள். மீறிக் கூடினால் கேஸ் என்றார்கள்.

அதோடு விடவில்லை.

கூட்டத்தில் பேசுவதாக இருந்தவர் மீன் விற்கும் ஜெசிந்தாக்கா. அவர் மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்த நேரம். புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. அவர் வீட்டு வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாராம்: “உங்க பையனுக்கு வெரிபிகேஷன் எங்ககிட்டதானே வரணும்? பார்த்து நடந்துக்குங்க.”

“நான் வாயத் தொறந்தா அவன் பொழப்புல மண்ணு விழுந்துரும் தம்பி” என்றார் அக்கா என்னிடம். அவரே தயங்கியதும் வேறு யாரும் பேச முன்வரவில்லை.

ஏலம் விடும் சூசை அண்ணாச்சிதான் கேட்டார்: “ஏலே, தெனமும் காலைல இங்கன கூடுதோமே, அதுக்கு எவன்கிட்ட பெர்மிஷன் கேட்டோம்?”

மறுநாள் ஏலத்துக்கு ஊரே வந்துவிட்டது. மீனெல்லாம் விற்றுப் போனது. ஒரே ஒரு விளமீனை மட்டும் அண்ணாச்சி ஒதுக்கி வைத்திருந்தார். ஒருவர் கையைத் தூக்குவார். தூக்கிய கையோடு மதிலைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். பிறகு அடுத்தவர். அப்படியொரு சாவகாசமான ஏலத்தை அதற்குப் பின் நான் பார்த்ததில்லை.

ஜீப் வந்து நின்றது.

“என்ன கூட்டம்?”

“ஏலம் சார்.”

“ஒரு மீனுக்கா இத்தனை பேர்?”

“நல்ல மீனு சார்.”

எஸ்.ஐ. அதுவரை கடற்கரைப் பக்கம் வேலை பார்த்திராதவர். எல்லாரும் கலையுங்கள் என்று சொல்வதற்காக வலது கையை உயர்த்தினார். ஏலத்தில் கை உயர்ந்தாலே விலையைக் கூட்டிக் கேட்டதாக அர்த்தம்.

“ஐயா கேட்டுட்டாவ” என்றார் அண்ணாச்சி. “ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம். மீனு ஐயாவுக்கு.”

முதலில் சிரித்தது கூட வந்த கான்ஸ்டபிள்தான். அவர் வேம்பார்க் கடற்கரைக்காரர், ஏலம் பார்த்து வளர்ந்தவர். பிறகு கரையே சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் ஜெசிந்தாக்கா முன்னால் வந்தார்.

“மீனு இருக்கட்டும் சார். எங்க வீட்டு வாசல்ல வந்து ஒண்ணு சொன்னீங்கள்லா... அத இங்கனயும் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும். பேப்பர்காரத் தம்பியும் நிக்காவ.”

நான் பேனாவைத் திறந்தேன். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தனியாக நின்ற ஒருத்தியிடம் சொன்னதை, கூடி நின்றவர்களிடம் சொல்ல அவருக்கு வரவில்லை. ஜீப்பில் ஏறிவிட்டார்.

வாசலில் அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதினேன். செய்தி வந்தது. கொஞ்ச நாளில் மதிலில் வழி விட்டார்கள். பையனுக்குப் பாஸ்போர்ட்டும் வந்தது. அந்த மீனை யார் கொண்டுபோனது என்பதுதான் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை... கான்ஸ்டபிள் என்று பேச்சு.

இப்போதெல்லாம் போலீஸ் மிரட்ட வாசலுக்கு வருவது குறைந்துவிட்டது. கூட்டத்துக்கு ஊருக்கு வெளியே ஓர் இடம் காட்டுகிறார்கள். வந்து நிற்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் போனில் வீடியோ எடுக்கிறார்கள். மிரட்டலாக ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சொல்லாததை எப்படி எழுதுவது?

போன வாரம் அப்படியொரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மீன் விற்கும் பெண்கள் கூட்டியது. போனைக் கண்டதும் பலர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். ஜெசிந்தாக்கா நகரவில்லை. தலை நன்றாக நரைத்துவிட்டது. இளம் போலீஸ்காரர் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டார்.

“நல்லா எடுங்க தம்பி. எடுத்துட்டு எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. துபாய்ல மவன் பாக்கணும்ங்கான்.”

போன் இறங்கியது. பின்னால் போனவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்றார்கள்.