ஓரக்கண்ணுக்கு ஒரு சுவர்

தெருவில் அவளுக்குப் பெயர் ரெண்டு கலர். கடைச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், ஷட்டர், எதில் படம் வரையச் சொன்னாலும் இரண்டு டப்பாவுக்கு மேல் திறக்க மாட்டாள். ஒன்று அடர்ந்த நிறம், ஒன்று வெளிர் நிறம். "மீன் கடைம்மா, பளிச்சுன்னு ஏழெட்டு கலர் போடு" என்று கேட்பவர்களிடம், "ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்துல கத்தினா யார் பேச்சு காதுல விழும்? பக்கத்துல இருட்டு இருந்தாதான் வெளிச்சத்துக்கு மரியாதை" என்பாள். அவள் திருநங்கை. அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் டப்பாவை மட்டும் மனதில் வைத்து வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வைத்த வாய் வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு அந்தப் பெயரிலேயே வேலையும் வந்தது.

ஒரு நாள் சாரத்தின் மேல் நிற்கும்போது அக்காவிடமிருந்து போன்.

"அப்பா கொதிக்கிற தண்ணிய மடியில ஊத்திக்கிட்டார்."

"எப்படி?"

"வெள்ளை மேசை, வெள்ளைக் கப். கப்பு எங்க இருக்குன்னே தெரியலையாம். வீட்டுக்கு வர்ற நர்ஸ் பாத்துட்டு, நெறமெல்லாம் மாத்துங்கன்னு சொல்லுது. பெயிண்டருக்கு நான் எங்க போவேன்? அதான் தம்பி... ஐயோ, உன்னை எப்படிக் கூப்பிடறதுன்னே எனக்குத் தெரியல. வா, அவ்வளவுதான்."

"பெயிண்டர்னே கூப்பிடு. வர்றேன்."

அந்த வீட்டைவிட்டு அவள் போனபோது மீசை அரும்பிய வயது. யாரும் விரட்டவில்லை. நில் என்றும் யாரும் சொல்லவில்லை. அப்பா பஸ் டிரைவர். அன்றைக்கும் டூட்டிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து காலியான கட்டிலைப் பார்த்தவர், ஏன் என்று கேட்கவில்லையாம், சாப்பிட்டு படுத்துவிட்டாராம். அம்மா செத்த சேதிகூட ஒரு மாசம் கழித்துத்தான் வந்தது.

கதவைத் திறந்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலும்புத் தேய்மானம். அவளுக்கே ஆள் வேண்டும் என்ற நிலையில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கட்டு மாற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். சின்ன வயசு, பெரிய குரல்.

"அக்கா, நல்லா கேட்டுக்குங்க. நடுப்பார்வை போயிடுச்சு. நேரா பாத்தா ஆள் இருக்கிற இடத்துல அழுக்குப் பஞ்சு மாதிரி ஒன்னுதான் தெரியும். ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதையும் கண் அழுத்தம் அரிச்சிட்டு வருது. முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால பாக்கச் சொல்லுங்க. வெள்ளைமேல வெள்ளை வச்சா அவருக்கு அங்க ஒன்னுமே இல்ல. இருட்டுமேல வெளிச்சத்தை வச்சா டக்குன்னு பிடிச்சுக்குவார்."

"அந்த மிச்சம் எத்தனை நாளைக்கு?" என்றாள் வந்தவள்.

"அதைச் சொன்னா நான் ஏன் புண்ணு துடைக்கிறேன், ஜோசியம் பாக்க மாட்டேனா?"

கூடத்தில் நாற்காலியில் அப்பா. சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். தூசியில் அவளுக்கு இருமல் வந்தது. அவர் தலை நிமிர்ந்தது.

"யாரு?"

"பெயிண்டர் வந்திருக்காங்கப்பா" என்றாள் அக்கா.

அவர் இருமல் வந்த பக்கம் காதைத் திருப்பினார். பெற்றவருக்கு ஒரு இருமல் போதாதா! "நல்லா அடிங்க, பெயிண்டர்" என்றார் கடைசியில். அவளுக்கு அது போதும் என்று தோன்றியது. மறு நிமிஷமே போதாது என்றும் தோன்றியது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் கண் கடைசியாகப் பார்த்தது மீசை அரும்பிய ஒரு பையனை. இப்படியே வெளிச்சம் அணைந்துவிட்டால் அந்தப் படம் உள்ளேயே நின்றுவிடும். அதற்குமுன் ஒரு தடவை, ஒரே தடவை, அவர் அவளைப் பார்க்க வேண்டும்.

வேலையில் இறங்கினாள். மேசைக்குக் கரும்பச்சை. படிகளின் விளிம்பில் கை அகலத்துக்கு மஞ்சள் பட்டை. சுவிட்சைச் சுற்றிக் கறுப்புச் சட்டம். கக்கூஸ் கதவு நிலைக்குச் சிவப்பு, உட்காரும் பலகைக்குக் கருநீலம். வெள்ளைத் தட்டைத் தூக்கிப் பரணில் போட்டு, கருநீலத் தட்டு வாங்கி வந்தாள். அன்றைக்கு அப்பா கடைசிச் சோற்றுப் பருக்கைவரை தானே எடுத்துச் சாப்பிட்டார். அதுவரை பாதிச் சோறு தட்டிலேயே கிடக்குமாம். பசியில்லை போலிருக்கிறது என்று அக்கா நினைத்திருக்கிறாள்.

"ரோட்டுல கோடு போட்ட மாதிரி இருக்கு, பெயிண்டர்" என்றார் படியில் இறங்கிக்கொண்டே. "இனி ஓவர்டேக் பண்ணலாம்."

"மெதுவா போங்க, டிரைவர். லைசென்ஸ் காலாவதி."

அவர் சிரித்தார். அக்கா சமையலறையில், நைட்டியில் முந்தானையில்லாத குறைக்குத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்லில் நார் உரித்துவிட்டாள் தம்பி என்று அவளுக்கு நினைப்பு.

கடைசியாக, அவர் நாற்காலிக்கு எதிரே இருந்த பெரிய சுவர். அதற்குக் கறுப்பை ஒட்டிய நீலத்தைக் குழைத்தாள்.

"இதுக்கு எதுக்கு? இங்க ஒரு சாமானும் இல்லையே" என்றாள் அக்கா.

"வைக்கப் போறேன்."

பெயிண்ட் காய்ந்த மறுநாள், ஜன்னல் வெயில் கூடத்தில் விழுகிற காலை வேளையில், நீளமான மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அந்தச் சுவரின் நடுவில் போய் நின்றாள். இத்தனை வருஷம் எத்தனையோ சுவரில் எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறாள். தான் போய் நின்றதில்லை.

அப்பா நேராகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பஞ்சுதான் தெரிந்திருக்கும்.

"ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றாள்.

திரும்பினார். கழுத்து அப்படியே நின்றுவிட்டது. வெளியே வண்டிகள் போன சத்தம் கேட்டது.

"மஞ்சளா?"

"ஆமா."

"முடி நீளமா இருக்கு."

"ஆமா."

"தோள் மட்டும் அப்படியே" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "சரி."

அந்த 'சரி'யை அவள் அன்றைக்கு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, வெட்டும் இல்லை. பார்த்துவிட்டார், அவ்வளவு உறுதி.

மறுநாள் பல் தேய்த்துவிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"பெயிண்டர், அந்தச் சுவரை மறுபடி வெள்ளையாக்கிடுங்க."

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். "பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு." வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு பையன் இருந்தான். கண்ணு மங்கின பிறகு அவன்தான் எனக்குத் துணை. மூடினா வந்து நிப்பான். நேத்து மூடினேன். மஞ்சளாத்தான் வந்துச்சு. எவ்வளவோ தேடினேன், அவன் மூஞ்சி வரல. அவன்மேல பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆயிடுச்சு."

"அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றார் அவசரமாக. "எனக்கு எல்லாம் தெரியும். நான் திட்டலையே. கெஞ்சித்தானே கேக்கறேன்."

திட்டியிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. வருஷக்கணக்காகத் தீட்டி வைத்திருந்த பதில். கெஞ்சுகிற கிழவரிடம் அதை எப்படி நீட்டுவது?

"நான் கிளம்பிடறேன்பா."

அவர் காற்றில் கையை நீட்டினார். அவள் இருந்த பக்கம் இல்லை, வேறு பக்கம். "போகச் சொல்லலையே. பாக்கறதுதான் முடியல. இருக்கறதுக்கு என்ன?"

அக்காவிடம் போய்ச் சொன்னாள். அக்கா பாயில் படுத்தபடி, "நான் என்ன பண்ணட்டும் சொல்லு. நீ போயிட்டா அவரைக் கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. நீ இருந்தா உனக்கு மனசு கேக்காது. ரெண்டுல எதைச் சொன்னாலும் நான் பாவி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவும் உண்மைதான். அங்கே யாரைக் குற்றம் சொல்வது?

சுவரை வெள்ளையாக்கினாள். அடர்ந்த நீலத்தை வெள்ளை அவ்வளவு சுலபத்தில் மூடாது. ஒரு பூச்சு போட்டால் சாம்பலாக மேலே எழும்பும்; காயவிட்டு மறுபடி பூச வேண்டும்; மறுபடி எழும்பும். அவள் செய்த வேலையிலேயே நாள் பிடித்த வேலை அதுதான். முடிந்ததும் அவரே ஓரக்கண்ணால் பார்த்து, "இப்ப ஒன்னுமில்ல" என்று நிம்மதியாகச் சொன்னார். அவள் மஞ்சள் கவுனை மடித்துப் பையில் வைத்துவிட்டு, சுவரோடு சேர்ந்துபோகட்டும் என்று அக்காவின் வெளுத்த சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அடுத்த முறை வந்த நர்ஸ் அவளைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "பாத்துக்கிற ஆள் கண்ணுல படற மாதிரி நிக்கணும்க்கா! இல்லேன்னா திடீர்னு தொடும்போது பயந்துடுவார். யார் இந்தச் சுவரை வெள்ளையாக்கினது?"

"அவர்தான் கேட்டார்."

"அவர் கேட்டா? சரி, அப்ப வாயால சொல்லுங்க. வர்றேன், தொடறேன், ஸ்பூன் வருதுன்னு. சும்மா வந்து நிக்காதீங்க."

ரெண்டு கலருக்குக் குரல் மெதுவாகத்தான் வரும். பெண்குரலுக்காகத் தொண்டையின் மேல்பாகத்திலிருந்து பேச அவள் தன்னைப் பழக்கியிருந்தாள். எத்தனையோ வருஷப் பழக்கம். ஆனால் எஞ்சின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவருக்குக் காது மந்தம். "என்ன? கேக்கல" என்பார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். "கேக்கலையே."

ஒரு மத்தியானம் அவர் தானாக எழுந்து நடந்தார். கால் ஈரத் தரையின் பக்கம் போனது. அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு வெள்ளைச் சுவரோரம் நின்றிருந்தாள். மெதுவாக இரண்டு முறை சொன்னாள். அவர் நிற்கவில்லை. மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அப்பா, நில்லுங்க!"

கனத்த குரல். அவளே மறந்திருந்த குரல். அப்பா அப்படியே நின்றார். நேராக, ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்து, முகம் முழுக்கச் சிரித்தார்.

"வந்துட்டியாடா" என்றார்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் கையைப் பிடித்தாள். பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றார் அவர்.