ஈரத்தரைக் கோடுகள்

ஆமாம், துடைத்தாள். மூன்று மாதம் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தாள். அதனால் யார் குடி முழுகிப் போயிற்று? எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் நின்றுகொண்டு, "படிச்ச பொண்ணு மாப்பு பிடிச்சுக்கிட்டு நிக்குதாமே, உங்க மகன் சம்பாத்தியம் பத்தலையா?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கேட்கிறாள். என் சின்ன மருமகளைப் பற்றி என்னிடமே! "அவ துடைச்சா தரை சுத்தமாகுது. நீ வாயைத் திறந்தா மாடிப்படியே அழுக்காகுது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவள் படம் வரைகிறவள். ஜவுளிக் கம்பெனியில் படுக்கை விரிப்புக்கும் திரைச்சீலைக்கும் பூ வரைந்து கொடுத்தாள். பதினோரு வருஷமும் ரோஜாப்பூ. "ரோஜாவைப் பார்த்தாலே தும்மல் வருது அத்தை" என்பாள். எனக்குக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துணைக்கு இருந்தாளே, என்னைப் பார்த்ததைவிடத் தரையைப் பார்த்ததுதான் அதிகம். மாப்பு விட்டுப்போன ஈரக்கோடு காய்வதற்குள் நோட்டில் கிறுக்கிக்கொள்வாள். "காலையில வர்ற அம்மா மீன் செதில் மாதிரி துடைக்கிறாங்க அத்தை. சாயங்காலத்து அக்கா தண்டவாளம் மாதிரி, நேர் கோடு. காஞ்சா ரெண்டுமே இல்ல, பாத்தீங்களா?" நான் எங்கே பார்த்தேன்? மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருந்தேன்.

கரையில் நின்று பார்த்து வரைந்தால் கை பொய் சொல்லும் என்பது அவள் பிடிவாதம். கம்பெனியில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டு அந்தப் பெண்களோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் முன்னால் நடந்தே துடைத்து, துடைத்ததையெல்லாம் தானே மிதித்து வைத்திருக்கிறாள். "பின்னால நடக்கத் தெரியாதவ எதுக்குடி மாப்பைத் தொட்டே?" என்று செதில்காரி வாங்கு வாங்கென்று வாங்கினாளாம். அதைச் சிரித்துச் சிரித்து எங்களிடம் சொன்னாள். இன்றைக்கும் ஈரத்தரையை மிதிக்கமாட்டாள். நான் சமையலறையைக் கழுவிவிட்டால், காயும்வரை பசியோடு வெளியே நிற்பாள்.

பிறகு ஒரு பழைய வண்டிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து, அவளோடு துடைத்த ஏழு பெண்களும் அங்கே வருவார்கள். தரையில் நீளத் துணியை விரித்து, புது மாப்பை நீலச் சாயத்தில் முக்கி, அவரவர் கைப்பழக்கப்படி ஒரே இழுப்பு. ஓரத்தில் துடைத்தவளின் பெயர். முதல் துணி காய்ந்த அன்று செதில்காரி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இருபது வருஷமா துடைச்சேன், ஒண்ணும் நிக்கல. இது நிக்குதே!" என்றாள். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் துணியைக் காட்டினால் இது யார் கை என்று சொல்லிவிடுவேன்.

"இது வியாபாரமா, சேவையா? ஒண்ணைச் சொல்லு" என்று என் மகன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவளைக் கேட்டான்.

"எட்டுப் பேர் பங்கு போட்ட வியாபாரம். சேவைன்னா என்னைக் கும்பிடுவாங்க. பங்குன்னா கேள்வி கேப்பாங்க. கேக்கட்டும்."

கேட்கத்தான் செய்தார்கள். "இந்த நீலம் அழுது வடியுது, மாத்து" என்று தண்டவாளக்காரி ஒரு வாரம் சண்டை போட்டு மாற்ற வைத்தாள்.

விடுப்பு முடிய நாலே நாள் இருந்தது. துணி விலைபோகாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு; இவள் ரோஜாப்பூவுக்கே திரும்ப வேண்டியதுதான். அப்போதுதான் பெரிய கடையிலிருந்து ஒரு மேலாளர் வீடு தேடி வந்தார். ஐந்நூறு திரைச்சீலை வேண்டுமாம். ஒரே ஒரு நிபந்தனை: ஓரத்துப் பெயர்களை எடுத்துவிட்டு இவள் பெயரைப் போட வேண்டும்.

"ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறவங்க பேரை யாரு மேடம் வீட்ல மாட்டுவாங்க? ஆர்ட்டிஸ்ட் நீங்கதானே? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

அவள் முகம் ஒரு நிமிஷம் ஆசையில் மலர்ந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். பதினோரு வருஷத்தில் ஒரு ரோஜாவிலும் அவள் பெயர் இருந்ததில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்: "அவங்க பேரை அழிக்க என் கையெழுத்து எப்படி சார் போதும்? எல்லாரும் இப்ப ட்யூட்டியில இருக்காங்க. கேட்டுட்டு வந்துடுறேன்."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா வேணாம்தான்."

அவர் மணியைப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டினாள். காகிதத்தின் அடியில் கையெழுத்துக்கென்று ஒரே ஒரு கோடு இருந்தது. அவருடைய சட்டைப்பையிலிருந்து பேனாவை அவளே உருவி, அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னும் ஏழு கோடுகள் இழுத்தாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்காமலே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.