முடிவுத் திகதி இல்லாத அறிவிப்பு

கூசேன்வில் நிலையத்தில் காலை ரயிலுக்கு நின்றபோது பவானியின் அழைப்பு வந்தது. பொண்டியில் சிவபாதம் அண்ணை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி அவள். கீழே அவளுடைய குடும்பம். மேலே, தனிப் படிக்கட்டோடு ஓர் அறையில் அண்ணை.

"அக்கா, அண்ணைக்கு இன்னும் சோதினை முடியேல்லையே?"

"அது போன கிழமையே முடிஞ்சுதே. ஏன்?"

"கதவிலை அந்தப் பேப்பர் இன்னும் கிடக்கு. முந்தநாள் புட்டுக் கொண்டு போனன். பேப்பரைப் பாத்திட்டுத் திரும்பி வந்திட்டன். நேற்றும் அப்பிடித்தான்."

"தட்டு பவானி. இப்பவே போய்த் தட்டு."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே படியேறினாள். அவள் தட்டியது எனக்குக் கேட்டது. "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டதும் கேட்டது. என் ரயில் வந்து நின்று, கதவை மூடிக்கொண்டு போனது. மூன்றாம் தரம் தட்டிவிட்டு மற்றத் திறப்பை எடுக்க அவள் கீழே ஓடினாள். நித்திரையிலேயே இதயம் நின்றிருக்கிறது, இரண்டு நாளாகியிருக்கும் என்று வைத்தியர் சொன்னாராம்.

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் லோயர் அண்ணை என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். அவர் லோயர் இல்லை. ஊரில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டெழுத்தாளராக இருந்தவர். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், சீலைக் கடைக்குப் பின்பக்கத்து அறையில் ஒரு மேசையைப் போட்டு, இருபது வருடத்துக்கு மேல் எங்கள் சனத்துக்கு அகதி விண்ணப்பம் எழுதினார். 'கேஸ் எழுதுறவர்' என்றால் போதும், அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள்.

என் கேசையும் அவர்தான் எழுதினார். எழுதிக் கெடுத்தார். இதை அவருடைய செத்தவீட்டில் நான் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். வன்னியில் என் கணவரைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் அரிசி வரிசையில் நின்றேன். பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும். அப்படியேதான் அண்ணையிடமும் சொன்னேன். அவர் 'என் கண் முன்னால் இழுத்துச் சென்றனர்' என்று எழுதிவிட்டார். விசாரணையில் அதிகாரி வாகனத்தின் நிறம் கேட்டார். நான் விழித்தேன். கேஸ் றிஜெக்ட்.

அந்தக் கடிதத்தோடு நேரே அவருடைய அறைக்குப் போய்க் கத்தினேன். சீலைக் கடைச் சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. "உங்களை ஆர் என்ரை கண்ணைக் கடன் வாங்கச் சொன்னது?" என்று கேட்டேன். அவர், "கண்டதெண்டு எழுதினால்தான் கேஸ் நிக்குமெண்டு நினைச்சன், தங்கச்சி. பிழை என்ரைதான்" என்றார். மேல்முறையீட்டுக்கு ஒரு பிரெஞ்சு வழக்கறிஞரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு தவணைக்கும் என்னோடு வந்து நீதிமன்ற வாங்கில் இருந்தார். இரண்டு வருடம் கழித்து எனக்கு விசா கிடைத்தது. மறுநாளே தன் மேசைக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு, "இதிலை இரும். நான் எழுதுறதை வாசியும். கூட்டி எழுதினால் வெட்டும்" என்றார். கோபம் முழுதாக ஆறாமலே நான் அந்தக் கதிரையில் இருந்தேன். பதினொரு வருடம் இருந்தேன்.

அறுபது வயதில் அவருக்குச் சட்டம் படிக்கும் விசர் பிடித்தது. பிரெஞ்சில் கதைக்கலாம், வாதாட ஏலாது என்று, கலிபோர்னியாவில் ஆங்கிலத்தில் இணையவழி நடக்கும் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லை. அவரிடம் ஊரில் எடுத்த வெளிவாரிப் பட்டம் ஒன்று இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியான கல்லூரியில் படிப்பவர்கள் முதலாண்டு முடிந்ததும் அந்த மாநிலம் வைக்கும் தகுதிப் பரீட்சையில் தேற வேண்டும். முதல் மூன்று தடவைக்குள் தேறாவிட்டால், முதலாண்டுக்கு மேல் படித்தது எதுவும் செல்லாது. "இந்த வயசிலை அமெரிக்கா போய் வழக்காடப் போறியளோ?" என்று நான் பகிடி பண்ணினேன். "இல்லை. உம்மடை கேசிலை நான் செய்தது என்ன பிழையெண்டு சரியாத் தெரிஞ்சுகொண்டு சாகவேணும்" என்றார். அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணவில்லை.

முதல் தடவை அவரை வீழ்த்தியது எங்கள் தொழில்தான். பரீட்சையில் ஒரு சம்பவத்தைத் தருவார்கள். உள்ளதை மட்டும் வைத்து இரண்டு பக்க நியாயத்தையும் எழுத வேண்டும். வீட்டுக்காரர் வாசலில் குழி வெட்டிவிட்டு விளக்கு வைக்கவில்லை, சாப்பாடு கொண்டுவந்தவன் விழுந்தான் என்று ஒரு பயிற்சிக் கேள்வி. அண்ணை விழுந்தவனுடைய கேசை எழுதிவிட்டார்! அவனுடைய பிறந்த இடத்தில் தொடங்கி ஒன்றரைப் பக்கம்.

"மூண்டு பிள்ளையள் எண்டு இதிலை எங்கை கிடக்கு, அண்ணை?"

"சாப்பாடு சுமந்து திரியிறவனுக்குக் குடும்பம் இருக்காதே?"

"வீட்டுக்காரன்ரை பக்கம்?"

"அவனுக்கு என்ன பக்கம்? குழியை வெட்டிப்போட்டுப் பேசாமல் கிடந்தவன்!"

நான் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு பார்த்திருந்தார். பரீட்சையிலும் அப்படியே எழுதித் தோற்றார்.

இரண்டாம் தடவை வேறு கதை. வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் பரீட்சை அது. கமராவில் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். வேறு ஆளோ குரலோ இருக்கக் கூடாது. அந்த விதியை வாசித்துவிட்டு அண்ணை சிரித்தார். "ஒரு ஆதாரமும் இணைக்காமல் நான் நிரூபிக்கக்கூடியது உலகத்திலை இது ஒண்டுதான், தங்கச்சி. நான் தனிய இருக்கிறன்." நானும் சிரித்தேன். மனைவி மக்கள் என்று யாருமில்லாத மனிதர், ஊரார் குடும்பங்களைச் சேர்த்துவைக்கப் பேப்பர் நிரப்பிவிட்டுக் கடைசி ரயிலில் அந்த அறைக்குப் போவார்.

அன்று பவானி புட்டுக் கோப்பையோடு கதவைத் தட்டினாள். பரீட்சை நடக்கிறது, கமரா பார்க்கிறது. இருந்தும் வாசலுக்கு வந்தவளிடம் பேசாதிருக்க எங்கள் ஆளால் முடியுமா? "வாங்கோ பிள்ளை, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டார். விளக்கக் கடிதத்தை நான்தான் அடித்தேன். அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கலங்கிப்போய் எழுதியதில் புள்ளி போதவில்லை.

மூன்றாம் தடவைதான் கடைசி. அதனால் நான் ஒரு அறிவிப்பு அடித்தேன். தமிழிலும், பவானியின் பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சிலும். 'பரீட்சை நடக்கிறது. தயவுசெய்து தட்ட வேண்டாம்.' பெரிய எழுத்து, பிளாஸ்ரிக் உறை, நாலு மூலையும் ஒட்டு. எங்கள் தொழிலில் முடிவுத் திகதி இல்லாத பேப்பர் கிடையாது. விசாவுக்கு இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்துக்கு இருக்கிறது, பஸ் அட்டைக்கும் இருக்கிறது. நாளுக்கு நூறு திகதி பார்க்கிற நான் அந்த அறிவிப்பில் எதுவரை என்று போடவில்லை. கழற்ற அவருக்கும் நினைவில்லை. தட்டியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்கிறார் வைத்தியர். இருக்கட்டும். இரண்டு நாள் தனியே கிடந்தாரே, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

சில கிழமை கழித்து முடிவு வந்தது. லா சப்பலில் பாதிச் சனத்தின் கடவுச்சொற்கள் எங்கள் அலுவலகக் கொப்பியில்தான் கிடக்கின்றன. அவருடையதும் அதில் இருந்தது. செத்தவரின் கணக்கைத் திறப்பது சரியோ பிழையோ, அவர் இருந்திருந்தால் இப்போது இரண்டு பக்கமும் எழுதியிருப்பார். நான் திறந்தேன்.

பாஸ்.

யாரிடம் சொல்வது? தொலைபேசியை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அவர்களில் யாருக்கு அழைத்தாலும் "என்ன பரீட்சை?" என்றுதான் கேட்பார்கள். அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் பொண்டிக்குப் போனேன். அறை இன்னும் வாடகைக்குப் போகவில்லை. அறிவிப்பு கதவிலேயே இருந்தது. தொடப் பயமாக இருந்தது என்றாள் பவானி. நான் அதற்கு மேலேயே தட்டினேன். பிளாஸ்ரிக் உறை சத்தம் போட்டது.

"அண்ணை, பாஸ்" என்றேன். திறப்பாரென்று நின்றேன். என்ன செய்ய, பழக்கம். பிறகு அறிவிப்பைக் கழற்றினேன்.

அவருடைய கடைசிப் பயிற்சித் தாளும் என்னிடம் இருக்கிறது. அதிலும் வாசல், குழி, விழுந்தவன் எல்லாம் வருகிறது. விழுந்தவனுக்குக் குடும்பம் உண்டா என்ற இடத்தில், 'சம்பவத்தில் இது கூறப்படவில்லை' என்று எழுதி, என் பேனையைக் கேட்டு வாங்கி அதன் கீழே தானே சிவப்பில் கோடு போட்டிருக்கிறார். இப்போது அவருடைய மேசையில் நான் இருந்து கேஸ் எழுதுகிறேன். வருபவர் கண்டதைக் கண்டது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் எழுதுகிறேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். எதிர்க் கதிரையில் இன்னும் யாரையும் இருத்தவில்லை.

அறிவிப்பு மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதன் கீழே, எதுவரை என்று, பரீட்சை முடிந்த நாளின் திகதியைப் பேனையால் போட்டுவிட்டேன். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தத் தாளும் இந்த அறிவிப்பும்தான், இன்னும் ஒன்றைத் தவிர. தனியே இருப்பவர் ஒருவரின் கதவில் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும், இனி நான் தட்டுவேன்.