சுழி போட்ட கல் முன்னால் வெறுங்கால்

லண்டன். மியூசியத்தில் ஓர் அரையிருட்டு அறை. என் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது, உடம்பு முழுக்கச் சுழி சுழியாகச் செதுக்கல். புதிய கற்காலக் கல்லறை ஒன்றின் வாசல் கல்லாம். அதைத் தாண்டி நீளமான கல் சந்துக்குள் குனிந்து போனால் கடைசியில் எலும்பு வைத்த அறை இருந்தது என்கிறது பலகை. படித்ததுமே என் கை தானாக ஷூவைக் கழற்றிவிட்டது. மதுரைக்காரி, வேறென்ன செய்வேன்?

காவலுக்கு நிற்பவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே ஓடி வருகிறார். என் போன் திரையில் தமிழைப் பார்த்ததும் தமிழுக்கு மாறுகிறார்.

"தங்கச்சி, சப்பாத்தைப் போடுங்கோ. இஞ்ச வெறுங்காலோட நிக்க ஏலாது."

"சமாதி முன்னாடி செருப்போட நிக்கச் சொல்றீங்களாண்ணே?"

"இது சமாதியில்லை, மியூசியம்."

"எலும்பு இருந்துச்சா இல்லையா?"

"இருந்தது எண்டுதான் எழுதிக் கிடக்கு."

"அப்ப சமாதிதான். தூக்கிட்டு வந்து லைட்டு போட்டா மாறிடுமா?"

பின்னால் ஒரு குடும்பம் முறைக்கிறது. முறைக்கட்டும். யாரும் தடுக்கி விழாமல் இருக்க ஷூவைப் பைக்குள் திணிக்கிறேன்.

அவர் வாசலை எட்டிப் பார்க்கிறார். "சுப்பவைசர் கண்டால் என்ர ஷிப்டைத்தான் வெட்டுவார். ரெண்டு நிமிசம் நில்லுங்கோ. கேட்டால், நான் உங்களைக் காணேல்லை."

"காணலன்னு சொல்லாதீங்கண்ணே. நான் சொன்னேன், இவதான் திமிரா மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க. அதான உண்மை?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்கிறார். தரையின் குளிர் முழங்கால்வரை ஏறுகிறது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.