ரொபின் என்று பெயர் வைத்தவர்கள்

போர் முடிந்த அந்த மே மாதம், கடல் கடந்து வந்து குடியேறிய எங்கள் வீட்டில் ஒரே ஒரு கொம்பியூட்டர்தான் இருந்தது. ஏழாம் வகுப்பில் படித்த மகளுக்கு அதில் ரொபின் பறவையின் பெயரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். எனக்கு வன்னியிலிருந்து வெளியேறும் சனங்களின் வீடியோக்களைப் பார்க்க வேண்டும். என் தங்கை அங்கே அகப்பட்டிருந்தாள். மாசிக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

தலையில் பையோடு தண்ணீருக்குள் நடந்து வந்த ஒருத்தியைக் கண்டதும் வீடியோவை நிறுத்தினேன். முகம் மங்கல். ஆனால் இடது தோளைச் சரித்து நடக்கும் அந்த நடை தங்கையுடையது. பக்கத்து நகரம் பிறம்ரனில் இருக்கும் அண்ணையைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் அங்கே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஓமடி, அவள்தான்" என்று அழுதார்.

"அம்மா, ப்ளீஸ், இட்ஸ் மை ரேர்ன்," என்றாள் மகள். அவளுடைய முறைதான்; எழுந்து இடம் கொடுத்தேன்.

மாலையில் எழுதியதை வாசித்துக் காட்டினாள். ரொபின் என்பது ரொபேட் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கியது. இங்கிலாந்தில் சிவந்த நெஞ்சுள்ள ஒரு சின்னக் குருவியை அப்படி அழைத்தார்கள். அங்கிருந்து இங்கே குடியேறியவர்கள் சிவந்த நெஞ்சோடு ஒரு பறவையைக் கண்டதும் அதையும் ரொபின் என்றார்கள். இங்கே உள்ளது பெரிது, வேறு இனம்.

"வந்த சனத்துக்கு வித்தியாசம் தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"தே மிஸ்ட் ஹோம், அம்மா. ஊர் ஞாபகம் அவைக்கு. நெஞ்சு ரெட்டா இருந்தாப் போதும்."

திரும்பவும் அந்த வீடியோவைப் போட்டேன். நடை அவளுடையதுதான்.

அடுத்த நாள் வோபர்னிலிருந்து பஸ் ஏறி ஓர் அன்ரி வந்தார். யாராவது வீடியோவில் ஆளைக் கண்டதாகக் கேள்விப்பட்டால், தங்கள் ஆட்களும் பக்கத்தில் நிற்கிறார்களா என்று பார்க்க மற்றவர்கள் வருவது அப்போது வழக்கம். தங்கையைக் காட்டினேன். அன்ரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பிள்ளை, இது என்ர மகளெல்லோ."

"இல்லை அன்ரி, அந்தத் தோளைப் பாருங்கோ."

"தோள் கிடக்கட்டும். என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதே?"

அவர் சொல்வது சரியென்றால் என் தங்கையைக் கண்டவர் எவருமில்லை. நான் சொல்வது சரியென்றால் அவர் வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டும்.

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றார். போட்டேன். அந்தப் பெண் கரையேறி, கமராப் பக்கம் திரும்பாமலே சனத்தோடு கலந்து போனாள்.

"இன்னொருக்கா," என்றார் அன்ரி.