ஈரலுக்கு எந்த நேரம்

கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மனைவியின் அக்கா வீட்டில் ஒதுங்கியிருந்தோம். எனக்கு நித்திரை போய்விட்டது. டொக்டர் நித்திரை மாத்திரை தந்தார். இரவு ஒன்பது மணிக்கு ஒரு குளிசை.

இரவில் அது ஒன்றும் செய்யவில்லை. காலையில்தான் வேலை செய்தது. வாவியைக் கடக்கிற பாதையில், அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவையில், கயிறு இழுப்பது என் தொழில். ஒருநாள் கயிற்றைப் பிடித்தபடியே உறங்கிவிட்டேன். மூன்று மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஆடு, பெண் பார்க்கப் புறப்பட்ட ஒரு குடும்பம் எல்லாம் நடு வாவியில் வட்டமடித்தன.

"இன்னொருக்கா கண்ணை மூடினா வேற ஆள் பாப்பன்" என்றார் பாதைக்குப் பொறுப்பானவர்.

டொக்டரிடம் ஓடினேன்.

"உடம்புக்குள்ள ஒரு மணிக்கூடு இருக்கு. ஈரலும் அதைப் பாத்துத்தான் மருந்தை வெளியேத்தும். நித்திரை கெட்டா அது குழம்பும், விடிஞ்ச பிறகும் மருந்து உடம்பில நிக்கும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில போடுங்க."

தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். கிழக்கே, கடல் பக்கத்து எழுவான்கரையில் அரசாங்கம் மாற்றிய புது நேரம். படுவான்கரையை ஆண்ட இயக்கம் பழைய நேரத்தையே வைத்திருந்தது. அரை மணி வித்தியாசம். என் கை மணிக்கூட்டில் அரசாங்க நேரம், வீட்டுச் சுவரில் பழைய நேரம். எது கண்ணில் பட்டதோ அதன்படி விழுங்கியிருந்தேன். திரும்பிப் போய்க் கேட்க வெட்கம்.

மறுநாள் பாதையில் ஒரு மீன் வியாபாரியிடம், ஈரலுக்கு எந்தக் கரை நேரம் என்று மெதுவாகக் கேட்டேன். எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

"ஈரல் பிறந்தது எந்தக் கரையில?" என்றார் அவர்.

"எழுவான்கரையில."

"அப்ப அரசாங்க நேரம்தான்."

"விசர்க் கதை! ஆள் படுக்கிறது அக்கரையில. குளிசை அங்கதானே கரையிற?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"நடு வாவியில வெச்சு விழுங்கினா, காக்கா?" என்று இன்னொருவர் இறைச்சிக்கடை முஸ்லிம் அண்ணரைக் கேட்டார்.

"ரெண்டுக்கும் நடுவில, கால் மணி" என்றார் இறைச்சிக்கடைக் காக்கா. "இருவது வருசமா ஈரல் வெட்டுறன். ஒண்டுக்குள்ளயும் மணிக்கூடு கிடைக்கல்ல."

கை தூக்கச் சொன்னார்கள். அரசாங்க நேரம் ஒரு கையால் வென்றது. அன்றும் ஆட்டோடு வந்திருந்தவர் இரண்டு கையையும் தூக்கியதாகச் சண்டை வந்தது. நான் தலையைக் குனிந்து கயிற்றை இழுத்தேன். அன்று வெட்கத்திலேயே உறக்கம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வெட்கத்தை நம்ப முடியாது.

மறுபடி டொக்டரிடம் போனேன். அவர் சிரித்தார்.

"அரை மணி பெரிய விசயமில்ல. ராவையில எத்தனை மணிக்கு எழும்புறீங்க?"

"ஒண்டுக்கு. ரெண்டுக்கு. மறுகா மூண்டுக்கு."

"என்னத்துக்கு?"

"தண்ணி வருதா எண்டு பாக்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மருந்துத் துண்டில் ஒன்பதை வெட்டி ஏழு என்று எழுதினார். "நேரத்தோட போட்டா விடிய முதல் இறங்கும். தண்ணி பாக்கிற வேலையை ஆரிட்டயாவது குடுங்க."

மனைவியிடம் சொன்னேன். கடல் அங்கிருந்து ஐந்து கட்டைக்கு, ஐந்து மைலுக்கு, அப்பால் என்பது அவளுக்கும் தெரியும்.

"நீங்க படுங்க. வந்தா எழுப்புறன்" என்றாள்.

விடிந்தபோது அவள் கதவில் சாய்ந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் பாதைக்குப் போனேன்.