கை கழுவும் இடத்தில் லாவண்யா

தென்னரசு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் ஹோட்டலுக்குள் வந்தால், முதலில் போவது மாடி ஹாலுக்கு அல்ல, வடைத் தட்டுக்கு. வடையைப் படம் எடுத்துவிட்டுத்தான் தின்பான். சுவரில் இருக்கும் நெய் ரோஸ்ட் படமும் அவன் எடுத்ததுதான். படத்தில் ரோஸ்ட் இலையைத் தாண்டி மேசையில் கிடக்கும். அதைப் பார்த்து ஆர்டர் செய்தவர்கள், வந்ததைப் பார்த்துச் சண்டைக்கு நிற்பார்கள். முதலாளி வேணுகோபாலுக்கு அதில் பெருமைதான்.

அவன் அப்பா எல்லப்பன் சேத்துப்பட்டுப் பக்கம் கூலிக்கு வரப்பு வெட்டியவர். ஆரணியில் ஸ்டுடியோ வைக்க வசதியில்லாமல், தென்னரசு எங்கள் மாடி ஹாலையே ஸ்டுடியோவாக ஆக்கிக்கொண்டான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயம், எதுவானாலும் அவன்தான். அந்த ஹாலை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஓர் அறுபதாம் கல்யாணத்தில், சாப்பிட்டவர்களை எல்லாம் வாய் திறந்த நேரத்தில் பிடித்துவிட்டான். ஆல்பம் முழுக்கப் பெரிய மனிதர்கள் பாயசத்தைப் பார்த்து ஆவென்று இருந்தார்கள். கேட்டதற்கு "கேண்டிட்" என்றான். எட்டாவதோடு நின்றவள் நான். நாம் அழகாக இல்லாத நேரமாகப் பார்த்து எடுப்பதற்கு அப்படிப் பெயர் என்று புரிந்துகொண்டேன்.

"இன்னொரு பார்ட்டி வந்து என்னாண்ட கத்தனாங்கன்னு வெச்சிக்கோ, நீ வடை துன்ன மட்டும் வா. மேல ஏறாத" என்றார் முதலாளி.

அடுத்து வந்தது லாவண்யாவின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குச் செய்யார் கம்பெனியில் வேலை. பெண்ணின் அப்பா சுப்பராயலு தறிக்காரர். நிச்சயப் புடவையைத் தம் கையாலேயே நெய்திருந்தார். முந்தானை முழுக்க ஜரிகை மயில். தென்னரசு பயந்து பயந்து, எல்லோரும் வாயை மூடியிருக்கும்போது மட்டும் எடுத்தான். ஒவ்வொரு முகமும் காலண்டர் சாமிபோல வந்திருந்தது.

சாயங்காலம் கீழே லேப்டாப்பைத் திறந்து சுப்பராயலுவுக்கும் லாவண்யாவுக்கும் காட்டினான். நான் பக்கத்தில் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"முந்தானி எங்க?" என்றார் சுப்பராயலு.

"ஐயா, பொண்ணு முகத்த பாருங்க, எப்டி வந்துகீது!"

"மூஞ்சியதான் வூட்ல தினம் பாத்துகினு கீறனே. கழுத்துக்குக் கீழ என் பொண்ணு இல்லியா?"

மாலையும் வரிசைத் தட்டுகளும் மறைத்தது போக நாலு விரல் கரைதான் மிச்சம். முந்தானை லாவண்யாவின் முதுகுப் பக்கம் தொங்கியது. தென்னரசு காலையிலிருந்து முன்பக்கமே நின்றிருக்கிறான். தறிக்காரர்கள் ஊரில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. சொந்தக்காரர்கள் ஆல்பத்தில் முதலில் பார்ப்பது புடவையை. அதை யார் கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். தென்னரசு வேகவேகமாகப் படங்களைத் தள்ளினான். ஒன்றை மட்டும் இன்னும் வேகமாகத் தள்ளினான்.

"நில்லு. பின்னால போ" என்றார் சுப்பராயலு.

அந்தப் படத்தில் லாவண்யா வாஷ்பேசினில் குனிந்து வாய் கொப்பளிக்கிறாள். பழக்கதோஷத்தில் எடுத்த ஒரே கேண்டிட். பின்னால் அத்தை சின்னம்மாள், புடவை நனைந்துவிடப் போகிறதே என்று முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருக்கிறாள், கடையில் காட்டுவதுபோல. ஒரு மயில் விடுபடவில்லை. பெண்ணின் முகம்தான் எங்கேயும் இல்லை. மேலே 'காறித் துப்பாதீர்கள்' என்ற போர்டு. ஓரத்தில் நான் தரை துடைக்கும் மாப்பு.

"ஐயே, அப்பா! நான் துப்பிகினு கீறேன்!"

"நீ இன்னாவோ பண்ணு. மயிலு எப்டி நிக்குது பாரு! தம்பி, இத பெருசா பிரேம் போட்டுக் குடு."

"நான்தான் எடுக்கச் சொன்னேங்க" என்று முதலாளி கல்லாவுக்குத் திரும்பினார்.

இப்போது அந்தப் படம் சுப்பராயலு வீட்டில் தறிக்கு எதிரே தொங்குகிறது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் எங்கள் ஹாலைக் கேட்டு வருகிறார்கள். பெண்கள் சாப்பிடுவதற்கு முன்பே வாய் கொப்பளிக்க நிற்கிறார்கள், ஆளுக்கொரு அத்தையோடு. மற்றவர்கள் எச்சில் கையோடு பின்னால் காத்திருக்கிறார்கள். யாராவது முனகினால், வாயில் வடையோடு தென்னரசு திரும்புவான்.

"இன்னாத்துக்கு ஜல்தி? ஷூட்டிங் போய்கினு கீது இல்ல!"